காயலான் கடையில் ஒரு ஸ்ட்ராடிவாரியஸ்

பழைய சாமான் கடையில் ஒரு வயலின் கண்ணில் பட்டால், விவரம் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரும் முதலில் ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள். பெட்டியின் தூசியைத் தட்டிவிட்டு வயலினை வெளியே எடுப்பார்கள். மேல்பலகையில் எஃப் எழுத்துப் போல வளைந்திருக்கும் இரண்டு துளைகளில் இடப்பக்கத்துத் துளை வழியாகக் கைபேசி விளக்கை அடித்து உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். அடிப்பலகையில் பழுப்பேறிய சீட்டு ஒன்று ஒட்டியிருக்கும். அதில் லத்தீன் மொழியில் ‘அன்டோனியஸ் ஸ்ட்ராடிவாரியஸ் கிரெமோனென்சிஸ் ஃபாசியேபாட் அன்னோ 1721’ என்று அச்சிட்டிருந்தால், பார்த்தவருக்கு அன்றிரவு தூக்கம் வராது. கிரெமோனா ஊர் அந்தோனியோ ஸ்ட்ராடிவாரி 1721-இல் செய்தது என்பது அதன் பொருள். அதே ஆண்டு அவர் செய்த ‘லேடி பிளன்ட்’ என்ற வயலின் 2011-இல் 1 கோடியே 59 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. காயலான் கடைக்காரர் கேட்பதோ சில ஆயிரம் ரூபாய்.

தாராளமாகத் தூங்கலாம். சுமார் 1644-இல் பிறந்து 1737-இல் இறந்த ஸ்ட்ராடிவாரி ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட கருவிகளைச் செய்திருப்பார் என்பது கணிப்பு. அவற்றில் இன்று எஞ்சியிருப்பவை சுமார் 650. யாரிடமிருந்து யாருக்குப் போனது, எந்த நூற்றாண்டில் யார் பழுது பார்த்தார் என்பதுவரை அநேகமாக எல்லாவற்றுக்கும் வம்சாவளி எழுதி வைத்திருக்கிறார்கள். அவருடைய பெயர் அச்சிட்ட சீட்டுகளோ உலகமெங்கும் லட்சக்கணக்கில் கிடக்கின்றன. வயலினில் உள்ள பொருள்களில் மிகக் குறைவாக நம்பத் தக்கது அந்தச் சீட்டுதான். நம்பத் தக்க சாட்சிகள் வேறு இருக்கின்றன. அவை மரம், பசை, செதுக்கிய விதம்.

சீட்டு எப்படி அத்தனை வயலின்களுக்குள் போயிற்று? 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐரோப்பாவில் மூன்று ஊர்கள் வயலினை மூட்டை மூட்டையாகச் செய்து ஏற்றுமதி செய்தன. ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் மார்க்நாய்கிர்ஹென், அதற்கு அப்பால் போஹிமியாவில் ஷோன்பாக் (இன்று செக் நாட்டில் லூபி என்ற பெயரில் இருக்கிறது), பிரான்சில் மிர்கூர். சாக்சனியில் இது குடிசைத் தொழில். ஒரு குடும்பம் கழுத்தையும் சுருளையும் மட்டும் செதுக்கும். இன்னொரு குடும்பம் மேல்பலகை மட்டும். வேறொன்று பிருடைகள் மட்டும். வியாபாரி எல்லாவற்றையும் வாங்கிச் சேர்த்து ஒட்டி, மெருகேற்றி, கப்பலில் அனுப்பிவிடுவார். அமெரிக்காவில் சியர்ஸ் ரோபக் நிறுவனத்தின் தபால் விற்பனைப் பட்டியலில் சட்டை, கலப்பைகளோடு இந்த வயலின்களும் சில டாலருக்கு விலைபோயின. ஸ்ட்ராடிவாரி, அமாத்தி, ஸ்டைனர், குவார்னேரி என்று எந்த அச்சில் செய்ததோ அந்தப் பெயரில் சீட்டு ஒட்டினார்கள். வாங்கியவருக்கு அது அன்று தெரியும். அவருடைய பேரனுக்குத் தெரியாது. மோசடி என்று சொல்வதற்கில்லை, ஆனால் காலம் போகப் போக மோசடியின் வேலையை அது செய்துவிட்டது.

சீட்டில் உண்மையே இல்லை என்றும் தள்ளிவிட வேண்டாம். லத்தீன் வரிக்குக் கீழே சிறிய எழுத்தில் ‘ஜெர்மனி’ என்று ஆங்கிலத்தில் இருக்கிறதா பாருங்கள். 1890-இல் அமெரிக்கா கொண்டுவந்த மெக்கின்லி சுங்கச் சட்டம், இறக்குமதியாகும் பொருளில் அது எந்த நாட்டில் செய்யப்பட்டது என்று குறிக்க வேண்டும் என்றது. அடுத்த ஆண்டு அது நடைமுறைக்கு வந்தது. ஆகவே நாட்டின் பெயர் இருந்தால் கருவி 1891-க்குப் பிறகு செய்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ‘செக்கோஸ்லோவாக்கியா’ என்று இருந்தால் 1918-க்கு முன்னால் போகவே முடியாது, ஏனென்றால் அப்படி ஒரு நாடு அதற்கு முன் இல்லை. ‘நிப்பான்’ என்று இருந்தால் ஜப்பானின் நகோயாவில் மசாகிச்சி சுசுகி நடத்திய தொழிற்சாலைச் சரக்காக இருக்கலாம். வயலின் கற்பிப்பதற்கென்று உலகப் புகழ்பெற்ற முறை ஒன்றை உருவாக்கிய ஷினிச்சி சுசுகியின் தந்தை அவர்.

பழைய வயலினைத் தேடிக் கண்டெடுக்கும் கலையில் வரலாற்றில் ஒருவரை மிஞ்ச ஆள் இல்லை. அவர் லூயிஜி தாரிசியோ என்ற இத்தாலியர். 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வட இத்தாலியின் கிராமங்களிலும் மடங்களிலும் அலைந்து, மூலையில் கிடக்கும் உடைந்த பழைய வயலினுக்கு மாற்றாகப் பளபளக்கும் புதியதைக் கொடுத்து வாங்கிக்கொள்வார். கொடுத்தவர்கள் அவரை ஏமாளி என்று நினைத்திருப்பார்கள். அந்தப் பழையவற்றைப் பாரிசுக்குக் கொண்டுபோய் விற்பார். அங்கே போகும்போதெல்லாம், ‘என்னிடம் ஸ்ட்ராடிவாரி ஒன்று இருக்கிறது, இதுவரை யாரும் வாசித்ததே இல்லை, அடுத்த முறை கொண்டுவருகிறேன்’ என்பார். கொண்டுவந்ததே இல்லை. சலித்துப்போன வயலின் கலைஞர் டெல்ஃபின் அலார், எல்லோரும் காத்திருந்தும் வராத மெசையாவைப் போல அல்லவா இருக்கிறது உம்முடைய வயலின் என்று கேலி செய்தார். பெயர் ஒட்டிக்கொண்டது. 1854-இல் தாரிசியோ இறந்த செய்தி கேட்டதும் பாரிசின் பெரிய வயலின் வியாபாரி ழான் பாப்டிஸ்ட் வுய்யோம் இத்தாலிக்கு ஓடினார். நூற்றுக்கு மேற்பட்ட கருவிகளைத் தாரிசியோவின் உறவினர்களிடமிருந்து மொத்தமாக வாங்கினார். அதில் மெசையாவும் இருந்தது. 1716 என்று சீட்டில் இருக்கும் அந்த வயலின் இன்று ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது. மெருகு நேற்று பூசியது போல இருக்கும்.

அதுதான் வம்பாகவும் போயிற்று. வுய்யோம் வெறும் வியாபாரி இல்லை. பழைய வயலின்களை அச்சு அசலாக நகல் செய்வதில் அவர் காலத்தில் அவரை வெல்ல ஆளில்லை. அப்படிப்பட்டவர் கையில் கிடைத்த வயலின் தேய்மானமே இல்லாமல் இருந்தால் சந்தேகம் வராதா? 1990-களின் இறுதியில் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இசைக்கருவிகளைப் பாதுகாத்துவந்த ஸ்டூவர்ட் பொலன்ஸ் அந்தச் சந்தேகத்தை வெளிப்படையாக எழுப்பினார். மெசையா 19-ஆம் நூற்றாண்டு நகலாக இருக்கலாம் என்ற பேச்சு எழுந்தது. இரு தரப்பிலும் வயலின் நிபுணர்கள் இருந்தார்கள். இரு தரப்பும் தங்கள் கண்ணை நம்பினார்கள். கண்ணுக்கு அப்பால் ஒரு சாட்சி வேண்டியிருந்தது. மரத்தைக் கேட்டார்கள்.

வயலினின் அடிப்பலகை மேப்பிள் மரம். மேல்பலகை ஸ்ப்ரூஸ், ஆல்ப்ஸ் மலைச்சரிவுகளில் வளரும் ஊசியிலை மரம். குளிர்நாட்டு மரம் என்பதால் ஆண்டுக்கு ஒரு வளையம் தவறாமல் போடும். வசந்தத்தில் வேகமாக வளர்ந்து வெளிறிய அகலமான பட்டையையும், கோடையின் முடிவில் மெதுவாக வளர்ந்து கருத்த மெல்லிய கோட்டையும் உண்டாக்கும். வெயிலும் மழையும் சாதகமான ஆண்டில் வளையம் அகலமாக இருக்கும், பாதகமான ஆண்டில் குறுகும். ஒரே மலைப்பகுதியில் வளரும் மரங்கள் எல்லாம் அதே ஆண்டுகளில் அதே போல அகன்றும் குறுகியும் போகும். இன்று வெட்டிய மரத்தின் வளையங்களை எண்ணி, அதன் உள்வளையங்களைப் பழைய கட்டட உத்தரங்களின் வெளிவளையங்களோடு பொருத்தி, அவற்றை இன்னும் பழையவற்றோடு பொருத்தி, பல நூற்றாண்டுகளுக்கு நீளும் ஒரு வரிசையை ஆய்வாளர்கள் உருவாக்கி வைத்திருக்கிறார்கள். புதிதாக வரும் மரத்துண்டின் வளைய அகலங்களை அளந்து அந்த வரிசையின்மேல் நகர்த்திப் பார்த்தால், ஓர் இடத்தில் மட்டும் பொருந்தும்.

இந்த ஆய்வுக்காகவே செய்துவைத்தது போல இருக்கிறது வயலினின் மேல்பலகை. மரத்தை மையத்திலிருந்து பட்டை நோக்கி ஆப்பு வடிவில் பிளந்து, அந்த ஆப்பை இரண்டாக அறுத்து, புத்தகத்தை விரித்தாற்போலப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டுவார்கள். அதனால் வளையங்கள் எல்லாம் நேர்கோடுகளாக, மேலிருந்து கீழாக, பலகை முழுவதும் ஓடும். மரத்தின் வெளிப்புறம் பெரும்பாலும் நடு ஒட்டில் வரும். ஆகவே கருவியைக் கீறாமல், துளையிடாமல், உருப்பெருக்கியாலோ உயர்தரப் படத்தாலோ கோடுகளை அளந்துவிடலாம். சென்ற இருபது முப்பது ஆண்டுகளில் ஏல நிறுவனங்கள் இதை வழக்கமாகவே ஆக்கிவிட்டன.

மெசையாவின் மேல்பலகையில் அமெரிக்க ஆய்வாளர் ஹென்றி கிரிசினோ மேயரும் கூட்டாளிகளும் அளந்த வளையங்கள் 1577 முதல் 1687 வரை ஓடின. ஸ்ட்ராடிவாரி செய்த வேறு சில கருவிகளின் வளைய வரிசையோடும் அவை ஒத்துப்போயின. 2004-இல் இதை வெளியிட்டார்கள். கடைசி வளையம் 1687. அதற்குப் பிறகு வெளிப்புறத்தில் சில வளையங்களைச் சீவியிருப்பார்கள், மரத்தைச் சில ஆண்டுகள் காயவைத்திருப்பார்கள். 1716 என்ற சீட்டுக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது.

இதில் ஒரு நுணுக்கத்தை மறக்கக் கூடாது. மர வளையம் காட்டுவது கருவி எந்த ஆண்டுக்கு முன்னால் செய்யப்பட்டிருக்க முடியாது என்பதை மட்டுமே. செய்தவர் யார் என்று அது சொல்லாது. பழைய மரத்தை எடுத்து நகல் செய்தவர் இருந்தால் அவரையும் காட்டிக்கொடுக்காது. ஆனால் எதிர்த் திசையில் அதன் தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை. கேரி கார் என்ற புகழ்பெற்ற டபுள் பேஸ் கலைஞர் வாசித்துவந்த கருவி இதற்கு உதாரணம். அவருக்கு முன்னால் இசை நடத்துநர் செர்ஜி கூசெவிட்ஸ்கியிடம் இருந்தது. கிரெமோனாவின் அமாத்தி சகோதரர்கள் 1611-இல் செய்தது என்று பல காலம் நம்பப்பட்டது. வளையங்களை எண்ணியபோது கடைசி வளையம் 1761. அமாத்தி சகோதரர்கள் செதுக்கியதாகச் சொன்ன மரம், அவர்கள் சொன்ன ஆண்டுக்கு 150 ஆண்டு கழித்தும் மலையில் நின்று வளர்ந்துகொண்டிருந்திருக்கிறது!

நம் வீணைக்கு இந்தச் சோதனையைச் செய்ய முடியுமா என்று கேட்கத் தோன்றும். கடினம். வெப்ப மண்டல மரங்கள் பலவற்றில் ஆண்டு வளையம் தெளிவாக அமைவதில்லை. தேக்கு விதிவிலக்கு, கேரளத் தேக்கின் வளையங்களை வைத்துப் பழைய பருவமழைகளைப் புனே வெப்ப மண்டல வானிலையியல் நிறுவனத்தார் கணித்திருக்கிறார்கள். வீணைக்கு நாம் எடுப்பது பலா.

வயது போகட்டும், ஒலிக்கு வருவோம். வயலின் தந்தி தனியே அதிர்ந்தால் நமக்கு ஏறக்குறைய ஒன்றும் கேட்காது. மெல்லிய கம்பி காற்றைக் கிழித்துக்கொண்டு போய்விடும், தள்ளாது. காற்றைத் தள்ளப் பரந்த பலகை வேண்டும். தந்தியின் அதிர்வைப் பலகைக்குக் கொண்டுபோவது நடுவில் நிற்கும் பிரிட்ஜ். அதன் வலக்காலுக்குச் சற்றுப் பின்னால், பெட்டியின் உள்ளே, சவுண்ட் போஸ்ட் என்ற சிறு குச்சி மேல்பலகைக்கும் அடிப்பலகைக்கும் இடையே நிற்கிறது. அதற்குப் பசை கிடையாது. இறுக்கத்தால் மட்டுமே நிற்கிறது. இடக்காலுக்குக் கீழே மேல்பலகையின் உட்புறம் நெடுக ஒரு சட்டம் ஒட்டியிருக்கும், அது பாஸ் பார். வலக்காலை ஊன்றிக்கொண்டு இடக்காலால் பிரிட்ஜ் பலகையை அசைக்கிறது. பெட்டிக்குள் இருக்கும் காற்றும் எஃப் துளைகள் வழியே உள்ளும் புறமும் மூச்சு விடுகிறது; அந்த மூச்சின் இயல்பான அதிர்வெண் நொடிக்கு ஏறத்தாழ 270 முதல் 280 வரை. கீழ்த் தந்திகளின் ஒலிக்குக் கனம் கொடுப்பது இதுதான்.

அந்தத் துளை ஏன் எஃப் வடிவில் இருக்கிறது என்பதற்கு அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனத்தில் நிக்கலஸ் மாக்ரிஸ் குழுவினர் 2015-இல் நல்ல விடை தந்தார்கள். துளை வழியே காற்று ஓடுவது நடுப்பகுதியில் அதிகம் இல்லை, ஓரங்களை ஒட்டித்தான் அதிகம். ஆகவே பரப்பைக் கூட்டாமல் ஓரத்தின் நீளத்தைக் கூட்டினால் ஒலி வலுக்கும். வட்டத் துளை, அரை வட்டத் துளை என்று பல நூற்றாண்டுகளில் மெல்ல மெல்ல நீண்டு மெலிந்து எஃப் வடிவத்துக்கு வந்திருக்கிறது. எந்தத் தச்சரும் கணக்குப் போட்டுச் செய்யவில்லை. ஒருவர் செய்ததைப் பார்த்து இன்னொருவர் செதுக்கும்போது உண்டான சிறு பிசகுகளில், நன்றாக ஒலித்ததை அடுத்தவர் பின்பற்றியிருக்கிறார்கள் என்பது அவர்கள் முடிவு.

மேல்பலகைக்கு ஸ்ப்ரூஸைத் தேர்ந்ததும் அப்படிக் கைப்பழக்கத்தில் வந்த அறிவுதான். தண்ணீரின் எடையில் பாதிகூட இல்லாத மரம். ஆனால் நார் ஓடும் திசையில் ஒலி அதில் எஃகில் போகும் வேகத்துக்குக் கிட்டத்தட்டச் சமமாகப் போகிறது. நாருக்குக் குறுக்கே வளைத்தால் விறைப்பு பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எடை குறைவாகவும் விறைப்பு அதிகமாகவும் இருக்கும் பலகை, தந்தி தரும் கொஞ்சம் ஆற்றலைக் கொண்டு நிறையக் காற்றை அசைக்கும்.

வில்லுக்கும் தந்திக்கும் இடையே நடப்பது இன்னும் விநோதம். வில் இழுக்கும்போது தந்தி அகலமான ஒரு மங்கல் பட்டையாக அதிர்வது போலக் கண்ணுக்குத் தெரியும். உண்மையில் எந்தக் கணத்திலும் தந்தி இரண்டு நேர்கோடுகளாக, நடுவே ஒரு முனையோடு இருக்கிறது. அந்த முனை தந்தி நெடுக ஓடிப் போய்த் திரும்பி வருகிறது. முனை வில்லைக் கடக்கும் நேரத்தில் மட்டும் தந்தி வில்மயிரிலிருந்து வழுக்கிப் பின்னோக்கிப் பாய்கிறது, மற்ற நேரமெல்லாம் ராசின் என்ற பிசின் பூசிய மயிரோடு ஒட்டிக்கொண்டு போகிறது. 440 அதிர்வெண் சுரமென்றால் நொடிக்கு 440 முறை ஒட்டி, 440 முறை வழுக்கும். 19-ஆம் நூற்றாண்டில் இதைக் கண்டவர் ஜெர்மானியரான ஹெல்ம்ஹோல்ட்ஸ். அவருடைய நூலைப் படித்து வளர்ந்த ஒரு திருச்சிக்காரர் இதை முழுமையான இயக்கவியல் கோட்பாடாக்கினார். சர் சி.வி. ராமன்தான் அவர்.

ராமன் என்றதும் 1928-ஆம் ஆண்டு ஒளிச்சிதறலைச் சொல்லி நிறுத்திவிடுகிறோம். அதற்குப் பத்து ஆண்டு முன்னால், கல்கத்தா பவ்பஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில், வில்லால் இழுக்கும் தந்திகளைப் பற்றித் தனி நூலளவுக்கு ஓர் ஆய்வை 1918-இல் வெளியிட்டிருந்தார். நல்ல வயலின்களிலும் செல்லோக்களிலும் குறிப்பிட்ட ஒரு சுரத்தில் மட்டும் ஒலி உறுமுவதை ஐரோப்பியர் ஓநாய்ச் சுரம் என்பார்கள். அதற்கும் விளக்கம் எழுதினார். மனிதக் கையின் அழுத்தம் கணத்துக்குக் கணம் மாறும் என்பதால், 1920 வாக்கில் இயந்திரமே வாசிக்கும் வயலின் ஒன்றை அமைத்தார். அதில் வில் நிலையாக இருக்கும், வயலின் முன்னும் பின்னும் போய்வரும். பிரிட்ஜுக்கு அருகே போகப் போக வில்லை எவ்வளவு கூடுதலாக அழுத்த வேண்டும் என்பதை அதைக் கொண்டு அளந்தார். வயலின் கற்பிக்கும் ஆசிரியர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்ததற்கு எண் கிடைத்தது. வயலின் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இன்றும் அவர் பெயர் வருகிறது. நம் பாடநூல்களில்தான் இந்த ஆய்வைப் பார்ப்பது அரிது.

இனி, ஸ்ட்ராடிவாரியின் ‘ரகசியம்’. ஒன்றல்ல, நிறையச் சொல்லப்படுகின்றன. அவர் வாழ்ந்த காலத்தில், 1645 முதல் 1715 வரை, சூரியனில் கரும்புள்ளிகள் மிகக் குறைந்து ஐரோப்பா குளிர்ந்திருந்தது; அதனால் மரம் மெதுவாக வளர்ந்து வளையங்கள் நெருக்கமாகச் சீராக அமைந்தன, அதுதான் காரணம் என்பது 2003-இல் வந்த ஒரு கருத்து. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அதே மரத்தை அதே காலத்தில் எத்தனையோ தச்சர்கள் பயன்படுத்தினார்கள், அவர்களுடைய வயலின்கள் எல்லாம் ஏன் அப்படி ஆகவில்லை? அடுத்தது மெருகு எண்ணெய். 2009-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஐந்து ஸ்ட்ராடிவாரி கருவிகளின் மெருகை நுண்ணோக்கியின் கீழ் பகுத்துப் பார்த்தார்கள். அக்கால ஓவியர்கள் பயன்படுத்திய சாதாரண உலர் எண்ணெய், பிசின், கொஞ்சம் செந்நிறமி. மாயப் பொருள் எதுவும் இல்லை. மூன்றாவது கருத்துக்குக் கொஞ்சம் வலு இருக்கிறது. ஸ்ட்ராடிவாரி பயன்படுத்திய மேப்பிள் துணுக்குகளைத் தைவான் வேதியியலர் ஹ்வான் சிங் தாய் குழுவினர் ஆராய்ந்தபோது அலுமினியம், கால்சியம், தாமிரம், துத்தநாகம் போன்றவற்றின் உப்புகள் இருந்தன. பூச்சி அரிக்காமல் இருக்க மரத்தை ஏதோ கரைசலில் ஊறவைத்திருக்கலாம். கூடவே, மூன்று நூற்றாண்டில் மரத்தின் ஹெமிசெல்லுலோஸ் என்ற பகுதியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு சிதைந்திருந்தது. ஈரத்தை அதிகம் உறிஞ்சுவது அந்தப் பகுதிதான் என்பதால், பழைய மரம் ஈரத்துக்கு அவ்வளவாக அசையாது. வேதியியல் வேறுபாடு உண்மை. அது காதுக்குக் கேட்கிறதா என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்வியை நேராகவே கேட்டுப் பார்த்துவிட்டார்கள். 2010-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிசில் சர்வதேச வயலின் போட்டி நடந்த சமயம், பிரெஞ்சு ஒலியியலர் கிளாடியா ஃப்ரிட்ஸும் வயலின் தச்சர் ஜோசப் கர்ட்டினும் ஒரு விடுதி அறையில் 21 வயலின் கலைஞர்களை அழைத்தார்கள். மூன்று புதிய வயலின், மூன்று பழையது. பழையவற்றில் இரண்டு ஸ்ட்ராடிவாரி, ஒன்று குவார்னேரி. வெளிச்சம் குறைந்த அறை, வாசிப்பவர் கண்ணில் வெல்டிங் கண்ணாடி. பழைய மரத்தின் வாசனை காட்டிக்கொடுக்காமல் இருக்க மோவாய்க்கட்டையில் வாசனைத் திரவியம். எந்த வயலினை வீட்டுக்கு எடுத்துப்போக ஆசை என்று கேட்டபோது பழையதைச் சொன்னவர்கள் 8 பேர், புதியதைச் சொன்னவர்கள் 13 பேர். மொத்தத்தில் மிகக் குறைவாகப் பிடித்தது ஒரு ஸ்ட்ராடிவாரி. விடுதி அறையில் வாசித்தால் எப்படித் தெரியும் என்று ஆட்சேபம் எழுந்தது. 2012-இல் பாரிஸ் அருகே பத்துப் பெரிய தனிக் கலைஞர்களை வைத்து, கச்சேரி மண்டபத்திலும் வாசிக்கச் செய்து, மீண்டும் நடத்தினார்கள். பத்தில் ஆறு பேர் புதியதையே எடுத்தார்கள். பிறகு கேட்பவர்களை வைத்தும் சோதித்தார்கள். மண்டபத்தில் நன்றாக எடுபட்டவை புதியவை என்றே அவர்களும் சொன்னார்கள்.

பல வயலின் கலைஞர்களுக்கு இந்த முடிவு இன்றும் கசக்கிறது. ஸ்ட்ராடிவாரியின் வயலின்கள் மகத்தானவை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பின்னால் வந்த வயலின்களில் பெரும்பாலானவை அவருடைய அச்சைப் பின்பற்றியவைதான். ஆனால் விலையின் பெரும்பகுதி ஒலிக்கானது இல்லை, வரலாற்றுக்கானது. இன்னொன்றும் உண்டு. அவர் செய்தபடியே எந்த வயலினும் இன்று இல்லை என்றே சொல்லலாம். 1800-ஐ ஒட்டி இசை மண்டபங்கள் பெரிதானபோது, அநேகமாக எல்லாப் பழைய வயலின்களுக்கும் கழுத்தை நீட்டிச் சாய்த்து, பாஸ் பாரைக் கனமாக மாற்றி, தந்தியின் இழுப்பைக் கூட்டினார்கள்.

கர்நாடக இசைக்காரருக்கு இந்த விலைப் பஞ்சாயத்து இன்னும் தூரம். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதரும், தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் வயலினை நம் மேடைக்குக் கொண்டுவந்தபோதே அதன் இயற்பியலை மாற்றிவிட்டார்கள். சட்ஜம், பஞ்சமம், சட்ஜம், பஞ்சமம் என்று, பாடுபவரின் கட்டைக்கு ஏற்பத் தந்தியைத் தளர்த்தித்தான் சேர்க்கிறோம். மேல்நாட்டு மண்டபத்தின் கடைசி வரிசைக்கு எட்டும் கூர்மையைவிட, தளர்ந்த தந்தியிலும் கமகம் மங்காமல் வரும் பெட்டி நமக்கு முக்கியம். மார்க்நாய்கிர்ஹென்னின் பழைய சரக்கில் அப்படிப்பட்ட பெட்டிகள் தாராளமாக இருக்கின்றன.

ஆகவே கடையில் சீட்டைப் பார்த்தது போதும், மற்றதைப் பாருங்கள். ஓரத்தை ஒட்டி ஓடும் கருப்பு–வெள்ளை–கருப்புக் கோடு, பலகையில் வெட்டிப் பதித்த மெல்லிய மரப்பட்டையா அல்லது மையால் வரைந்ததா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். பதித்ததென்றால் ஓரத்தில் உண்டாகும் வெடிப்பு உள்ளே ஓடாமல் அங்கேயே நிற்கும். வரைந்ததென்றால் மலிவான வேலை. விரல்பலகை தேய்ந்த இடத்தில் வெளிறிய மரம் தெரிந்தால் அது கருங்காலி இல்லை, சாயம். பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற சிறு கண்ணாடி கிடைத்தால் உள்ளே விட்டுப் பாருங்கள். பாஸ் பாரைத் தனியே ஒட்டாமல் மேல்பலகையிலேயே செதுக்கி விட்டிருந்தால் அவசரச் சரக்கு. புழு அரித்த துளைகள், கழுத்து முன்னால் சாய்ந்திருப்பது, சவுண்ட் போஸ்ட் நிற்கும் இடத்தில் நெடுக விரிசல் இவை மூன்றும் இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

ஓரத்தில் பலகை விட்டுக்கொண்டு வாயைப் பிளந்திருந்தால் மட்டும் பயப்படாதீர்கள். அது நல்ல அறிகுறி. மரம் ஈரத்தில் நாருக்குக் குறுக்கே உப்பும், உலரும்போது சுருங்கும். நெடுக்கில் ஏறக்குறைய அசையாது. சென்னைக் கடற்காற்றில் இருந்த வயலின் மார்கழியில் குளிரூட்டிய சபாவுக்குள் நுழைந்தால் பலகை இழுபடும். எங்காவது ஒன்று விட்டாக வேண்டும். வயலினை ஒட்டப் பயன்படுவது மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை. இழுப்பு அதிகமானால் மரம் பிளப்பதற்கு முன் அது விட்டுக்கொடுக்கும். வெந்நீரும் மெல்லிய கத்தியும் இருந்தால் சுத்தமாகக் கழன்று, மறுபடி ஒட்டும். நூறு ஆண்டு வயலின் நூறு ஆண்டு இருந்ததே இந்தப் பசையின் பலவீனத்தால்தான். தச்சுக் கடையில் கிடைக்கும் வெள்ளைப் பசையையோ நொடியில் ஒட்டும் பசையையோ அதில் விட்டால், அடுத்த முறை இழுப்பு வரும்போது மேல்பலகை நெடுகப் பிளக்கும். அதற்குப் பிறகு ஸ்ட்ராடிவாரியே வந்தாலும் சரிசெய்ய முடியாது.

வாங்கியதும் சீட்டைக் கிழித்தெறிய வேண்டாம், எந்த ஊர்த் தொழிற்சாலை என்பதற்கு அது ஒரு தடயம். நீங்களே தந்தி மாட்டி முறுக்கவும் வேண்டாம். சவுண்ட் போஸ்ட் விழுந்திருந்தால் மேல்பலகை அமுங்கிவிடும். வயலின் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். கூலி எவ்வளவு என்று கேட்பதற்கு முன், என்ன பசை போடுவீர்கள் என்று கேளுங்கள்.